படகின் அலுமினிய டேங்க் ஏன் பொத்துப்போகிறது?

நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி வேலை நடக்கிற பட்டறைப் பக்கம் போனால், அலுமினிய டீசல் டேங்க் ஏதாவது கழற்றி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். பல வருசம் ஓடின டேங்காக இருந்தால் இன்னும் நல்லது. மழையில் நனைந்து, சேறு அடித்து, நாலு மாநிலப் புழுதியைச் சுமந்த உடம்பு அது. ஆனாலும் வயிற்றுப் பகுதி மங்கின சாம்பல் நிறத்தில் முழுசாகவே இருக்கும். அதைச் சேஸோடு இறுக்கிப் பிடித்த இரும்புப் பட்டி இருந்த தடத்தில் மட்டும் வெள்ளைப் பொடி பூத்து, சின்னச் சின்னதாகக் குழி விழுந்திருக்கும். பட்டிக்கும் டேங்குக்கும் நடுவே வைத்த ரப்பர் எங்கெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்ததோ அங்கெல்லாம் இந்தக் குழி.

படகு டேங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி இந்தப் பட்டித் தடத்திலேயே இருக்கிறது. லாரி டேங்க் நாள் முழுக்கக் காற்றில் தொங்குகிறது. நனைந்த வேகத்தில் காய்ந்தும் விடுகிறது. படகு டேங்க் தளப் பலகைக்கு அடியில், வெயிலும் காற்றும் எட்டாத பொந்தில் கிடக்கிறது. அதன் மொத்த உடம்பும் பட்டிக்கு அடியில் இருக்கிற கணக்குத்தான்.

கடலே இல்லாத ஊரில் இந்தப் பேச்சு எதுக்குங்க என்று கேட்கலாம். மேட்டூர், பவானிசாகர், ஆழியாறு என்று அணைகள் நமக்கு உண்டு. அதைவிட முக்கியம், ஷீட் வளைத்து, ஆர்கான் வாயுவின் காவலில் மின்பொறியால் உருக்கி ஒட்டுகிற டிக் வெல்டிங் அடிக்கிற கை கோயமுத்தூரில் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் கொச்சி. ‘இந்த அளவுக்கு ஒரு டேங்க் அடிச்சுக் குடுங்க’ என்று ஒருவர் வரைபடத்தோடு வந்து நிற்க அதிக தூரம் வர வேண்டியதில்லை. அப்படி ஒரு வேலையை முதல்முறை எடுக்கிறவரையும், படகு வாங்கிவிட்டு டேங்கைப் பற்றி யோசிக்காதவரையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

அலுமினியம் நமக்குப் புது உலோகமும் இல்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டுவந்து, மேட்டூரில் இருந்த மால்கோ ஆலையில் 2008 வரை அலுமினியம் எடுத்தார்கள். ஆலையை அணைக்குப் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் மின்சாரம். பாக்சைட்டில் அலுமினியமும் ஆக்சிஜனும் இறுகக் கட்டிப்போட்டுக் கிடக்கின்றன. பிரிக்க ஏகப்பட்ட மின்சாரம் செலவாகும். அப்படிக் கஷ்டப்பட்டுப் பிரித்த உலோகம், வாய்ப்புக் கிடைத்த நொடியில் மறுபடி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். ஷீட்டை அறுத்ததும் வெட்டுமுகம் பளபளக்கிறதே, அதன் மேல் நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சைடு படலம் ஒன்று மூடிவிடுகிறது. தடிமன் சில நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் சில பங்கு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டிக் வெல்டர் எல்லாருக்கும் அதைத் தெரியும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். இந்தப் படலம் 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். அதை உடைத்து விலக்கத்தான் அலுமினியத்துக்கு ஏ.சி. ஓட்டத்தில் வெல்டிங் அடிக்கிறோம்.

வெல்டருக்கு எரிச்சல் தருகிற அந்தப் படலம்தான் டேங்குக்குக் காவல். இரும்பின் துரு உதிர்ந்து உள்ளே வழிவிடும். அலுமினியத்தின் ஆக்சைடு ஒட்டி நின்று தடுக்கும். கீறல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும், ஆக்சிஜன் கிடைக்கிறவரைக்கும். ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் கதையே வேறு.

நனைந்த சாக்கு, கார்ப்பெட் துண்டு, பிளைவுட், பஞ்சு, ஒட்டாமல் சும்மா சொருகிய ரப்பர் என்று எதுவானாலும் டேங்கை ஒட்டி ஈரத்தோடு உட்கார்ந்தால், அந்த இடுக்கில் தேங்கிய தண்ணீரில் கரைந்திருந்த ஆக்சிஜன் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். வெளியிலிருந்து புதுசாக வராது. படலம் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் பலவீனமாகிறது. தண்ணீரில் உப்பு இருந்தால் அதிலுள்ள குளோரைடு அந்த இடத்தைப் பார்த்து இறங்குகிறது. கரைந்த அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலம் குழிக்குள்ளேயே தங்கி இன்னும் அலுமினியத்தைக் கரைக்கிறது. ஆக, குழி தனக்கு வேண்டிய அமிலத்தைத் தானே காய்ச்சிக்கொள்கிறது. ஒரு தடவை ஆரம்பித்துவிட்டால் மேலே துடைப்பதால் நிற்காது. இடுக்குக்கு வெளியே, ஆக்சிஜன் கிடைக்கிற அகலமான பரப்பு, பேட்டரியின் இன்னொரு முனை போல, எதிர்முனையாக வேலை செய்து குழியை முடுக்குவதும் நடக்கிறது. அதனால்தான் டேங்க் முழுக்க மெலிவதில்லை. எடை போட்டால் புது டேங்குக்கும் பழசுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே இடத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டை. எண்ணெய் டேங்குக்கு அது போதும்.

‘நம்முது அணைத் தண்ணிதானே, உப்பு எங்கே இருக்கு’ என்று விட்டுவிட வேண்டாம். அணையில் ஓடும் படகுக்குக் கடல் படகின் வேகத்தில் குழி விழாது, உண்மைதான். ஆனால் கழுவுகிற தண்ணீர் எது என்று கேளுங்கள். நம் ஊர் போர்த் தண்ணீர் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. படகைப் போர்த் தண்ணீரில் கழுவி, அது தளத்துக்கு அடியில் இறங்கி, ஆவியாகி, மறுபடி இறங்கி என்று வருசக்கணக்கில் நடந்தால் பொந்துக்குள் உப்பு சேர்ந்துகொண்டே வரும். பட்டறையிலும் இதே தவறு உண்டு. கசிவு பார்க்க டேங்க் முழுக்கப் போர்த் தண்ணீரை நிரப்பி, கவிழ்த்துவிட்டு, அப்படியே மூடி போட்டு அனுப்புவார்கள். உள்ளே எண்ணெய் அலம்பாமல் இருக்க வைக்கிற தடுப்புத் தகட்டின் மூலையில் நின்ற தண்ணீர் காய்ந்து உப்பாகிவிடும். தண்ணீர் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் சிறுவாணி மாதிரி நல்ல தண்ணீரில் கடைசியாக ஒரு அலசு அலசி, காற்று அடித்து முழுசாகக் காயவைத்து மூடுங்கள்.

உப்பு ஒரு பக்கம் இருக்க, காரமும் ஆகாது. ஏறக்குறைய பி.எச். 4-லிருந்து 8.5 வரைதான் இந்தப் படலம் நிம்மதியாக இருக்கும். சிமெண்ட் தரையில் ஈரத்தோடு டேங்கை வைப்பது, சுண்ணாம்பு படுவது, எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் காஸ்டிக் சோடாவில் கழுவுவது எல்லாம் படலத்தைக் கரைத்துவிடும். சாயப்பட்டறைக்குச் சாமான் செய்து பழகினவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

இனி டேங்கை உட்கார வைக்கிற விசயம். என் கணக்கில் ஆயுளைத் தீர்மானிப்பது ஷீட்டோ பெயிண்டோ இல்லை, இதுதான். படகு கட்டுகிறவர்களுக்கு ரொம்பப் பிடித்த வழி, டேங்கைக் குழிக்குள் வைத்துச் சுற்றிலும் பாலியூரித்தேன் நுரையை ஊற்றிவிடுவது. அசையாது, சத்தம் வராது, பார்க்க அம்சமாக இருக்கும். நுரை டேங்கோடு எல்லா இடத்திலும் கெட்டியாக ஒட்டி நின்று, மேலே விழும் தண்ணீர் வடிந்தோட வழியும் இருந்தால் பரவாயில்லை. படகின் அதிர்வில் நாளடைவில் நுரை டேங்கைவிட்டு விலகும். முடி அளவு இடைவெளி போதும், தண்ணீர் இறங்கிவிடும். வெளியே வர வழியில்லை. எட்டிப் பார்க்கவும் முடியாது. நுரை ஊற்றின டேங்க் வேண்டாம் என்றே நான் சொல்வேன்.

அதற்குப் பதில், தண்ணீரை உறிஞ்சாத கெட்டிப் பிளாஸ்டிக் பட்டைகளையோ நியோப்ரீன் பட்டைகளையோ டேங்கின் அடியில் ஒட்டி, அந்தப் பட்டைகள் மேல் டேங்கை நிறுத்துங்கள். ‘ஒட்டி’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். பட்டை முழுக்கப் பாலியூரித்தேன் சீலண்ட் பரப்பி, அழுத்தி, ஓரத்தில் பிதுங்கி வருவதைச் சரிவாக வழித்துவிட வேண்டும். டேங்குக்கும் பட்டைக்கும் நடுவே தண்ணீர் நுழையவே கூடாது. நாலு மூலையில் நாலு சொட்டுப் பசை வைத்தால், முதலில் சொன்ன லாரிப் பட்டிதான். பட்டைகள் தண்ணீர் வடிகிற திசையில் ஓடட்டும். குறுக்கே ஓடினால் ஒவ்வொன்றும் ஒரு வரப்பாகித் தண்ணீரைக் கட்டிவிடும். டேங்கின் அடிக்கும் அதற்குக் கீழே இருக்கிற பரப்புக்கும் நடுவே கால் அங்குலமாவது காற்று ஓட வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற பட்டிக்கு அடியிலும் இதே முறை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பெட்ரோல் படகு விதிகளிலேயே இரண்டு விசயம் எழுதியிருக்கிறது: படகு மிதந்து நிற்கும்போது உலோக டேங்கின் மேற்பரப்பிலிருந்து தண்ணீர் வடிந்துவிட வேண்டும், டேங்கைத் தாங்குகிற, பிடிக்கிற எந்தத் துண்டுக்கும் டேங்குக்கும் நடுவே ஈரம் உறிஞ்சாத பொருள் இருக்க வேண்டும்.

மேற்பரப்பு விசயத்தில் வெல்டிங் சூடு நம்மை ஏமாற்றும். வரைபடத்தில் தட்டையாக இருக்கிற மேல் தகடு, ஓரம் வெல்டிங் ஆனதும் நடுவில் லேசாகக் குழிந்துவிடும். அந்தக் குழியில்தான் எண்ணெய் அளவுமானி உட்கார்ந்திருக்கும். அதன் கேஸ்கெட்டைச் சுற்றித் தண்ணீர் நின்று, திருகு ஓட்டைகளிலிருந்து அரிப்பு கிளம்பும். தகட்டை மடிக்கும்போதே ஒரு பக்கம் சரிவு கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை வராது.

அடுத்தது பித்தளை. ஹார்டுவேர் கடையில் சட்டென்று கிடைக்கிற குழாய் நிப்பிள், வால்வு எல்லாம் பித்தளைதான். அதை நேராக அலுமினியத்தில் முறுக்கினால், ஈரம் பட்டதும் இரண்டு உலோகமும் சேர்ந்து ஒரு பேட்டரி ஆகிவிடும், கரைவது அலுமினியம். செம்பு கலந்த எதுவும் அலுமினியத்தை நேரடியாகத் தொடக் கூடாது. நடுவில் 304 அல்லது 316 துருப்பிடிக்காத எஃகில் ஒரு இணைப்பு போட்டு, அதற்குப் பிறகு பித்தளை வால்வு வைக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள்: கடல்நீரில் மின்னழுத்தத்தை அளந்தால் எஃகு, செம்பைவிட அலுமினியத்திலிருந்து இன்னும் தள்ளித்தானே நிற்கிறது, அப்புறம் அது எப்படிப் பரவாயில்லை? மின்னழுத்தம் எவ்வளவு என்பது ஒன்று, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது வேறொன்று. எஃகின் மேலுள்ள படலம் எதிர்முனை வேலையை மெதுவாகத்தான் செய்ய விடுகிறது. செம்புக்கு அந்தத் தயக்கம் இல்லை. போதாக்குறைக்குச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து, தள்ளியிருக்கிற அலுமினியத்தின் மேல் போய்ப் படிந்து, அங்கேயும் குட்டிக் குட்டிப் பேட்டரிகளை உண்டாக்கும். பித்தளை வாஷர் ஒன்று பொந்துக்குள் விழுந்து டேங்கின் அடியில் கிடந்தாலே குழி விழும். பாசி பிடிக்காமல் படகின் அடியில் பூசும் பெயிண்டில் பல வகைகள் செம்பு கலந்தவை. அதைச் சுரண்டின தூளும் அப்படித்தான்.

இரும்பு விசயத்தில் நம் பட்டறைகள் கொஞ்சம் அசட்டை. ஒரு மூலையில் கேட்டுக்குக் கிரைண்டிங் நடக்கும், பொறி பறந்து அலுமினிய ஷீட் மேல் விழும். அதே இரும்பு பிரஷ்ஷை எடுத்து அலுமினிய வெல்டிங்கைத் தேய்ப்பார்கள். பதிந்துபோன இரும்புத் தூள் துருப்பிடித்து, பின்னால் பெயிண்ட் உரிவதும் குழி விழுவதும் அங்கிருந்து தொடங்கும். அலுமினியத்துக்கென்று துருப்பிடிக்காத எஃகு பிரஷ் ஒன்று, சக்கரம் ஒன்று, தனி மேசை ஒன்று; செலவு பெரிதில்லை.

ஷீட் எது? கடையில் சும்மா ‘அலுமினிய ஷீட்’ என்று கேட்டால் கையில் இருப்பதைக் கொடுப்பார்கள். 5052 அல்லது 5083 என்று எண் சொல்லிக் கேளுங்கள். பழைய இந்தியக் குறியீட்டில் 5052-க்கு 52000, 5083-க்கு 54300. மில் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டிலும் மெக்னீசியம் சேர்த்திருக்கிறது. 5052-ல் சுமார் 2.5 சதவீதம், 5083-ல் சுமார் 4.5. பின்னது வலு அதிகம். ஆனால் மெக்னீசியம் 3 சதவீதத்தைத் தாண்டிய ரகம், 65 டிகிரிக்கு மேல் நெடுநாள் சூட்டில் இருந்தால் உள்ளுக்குள் பலவீனமாகும். புகைக்குழாய் பக்கத்தில் வரும் டேங்க் என்றால் 5052 போதும். ஜன்னலுக்குப் போடுகிற 6063 துண்டுகள் மிச்சம் இருக்கிறதென்று தடுப்புக்கோ காலுக்கோ சேர்க்க வேண்டாம். தடிமனுக்கு அமெரிக்கப் படகுத் தர அமைப்பான ஏ.பி.ஒய்.சி. சொல்லும் கீழெல்லை 2.3 மில்லிமீட்டர். நான் 3 மில்லிமீட்டரே போடச் சொல்வேன். வெல்டிங்குக்கும் சுலபம், குழிக்கும் கொஞ்சம் அவகாசம்.

பெயிண்ட் அடிக்கலாமா? அடிக்கலாம், அடித்தால் முறையாக அடிக்க வேண்டும். பிசுக்கைப் போக்கி, அலுமினியம் ஆக்சைடு தாளில் உரசி, எட்ச் பிரைமரோ அதற்குரிய ரசாயனப் பூச்சோ கொடுத்து, இரண்டு பாக எப்பாக்சி. உரசினதும் தாமதிக்காமல் பூச வேண்டும். அரைகுறையாக அடித்த பெயிண்ட், வெறும் அலுமினியத்தைவிட மோசம். தூக்கி வைக்கும்போது ஒரு மூலை கீறினால் அந்தக் கீறலில் அரிப்பு குவியும், பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும், வெளியே தெரியாது. நாலு பக்கமும் காற்று ஓடுகிற இடமென்றால் பூசாமல் விடுவதே எனக்குச் சம்மதம். டேங்கின் வெளியே, அலுமினியத்துக்குப் பதில் தானே கரைகிற துத்தநாகக் கட்டி மாட்டினால் காப்பாற்றுமே என்று சிலர் கேட்பார்கள். துத்தநாகம் வேலை செய்ய இரண்டும் ஒரே தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். தளத்துக்கு அடியில் ஈரத் துணிக்குக் கீழே விழுகிற குழிக்கு அது ஒன்றும் செய்யாது.

உள்பக்கம் பெரும்பாலும் தொல்லை தராது. பெட்ரோலும் டீசலும் அலுமினியத்தை அரிப்பதில்லை. அடியில் தேங்கும் தண்ணீர்தான் வில்லங்கம். இரவில் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரம் உள்சுவரில் வேர்க்கும், மூடி வழியாக மழை இறங்கும். டீசல் டேங்கில் அந்தத் தண்ணீரும் டீசலும் தொடும் மட்டத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கொழகொழவென்று படிந்து, அமிலம் கக்கும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தை இழுத்துவைத்து, அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். சீசன் முடிந்து மாசக்கணக்கில் நிற்கிற படகில் இது நடக்கும். லாரி டேங்கில் போல அடியில் ஒரு நட்டு வைத்து வடித்துவிடலாம் என்று தோன்றும். பெட்ரோல் படகில் வைக்காதீர்கள். மேலே சொன்ன அமெரிக்க விதிகளில் எல்லாத் திறப்பும் டேங்கின் உச்சியில்தான் இருக்க வேண்டும். அடியில் கசிந்தால் பெட்ரோல் ஆவி பொந்துக்குள் நிற்கும், ஸ்டார்ட்டர் பொறி ஒன்று போதும். டேங்கின் தாழ்ந்த மூலைவரை எட்டுகிற குழாய் ஒன்றை மேலிருந்து விட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுங்கள்.

வேலை முடிந்ததும் கசிவுச் சோதனை. காற்றழுத்தம் 3 பி.எஸ்.ஐ. போதும். சின்ன எண் என்று கம்ப்ரஸர் குழாயை நேராக மாட்டிவிட வேண்டாம். 60-க்கு 60 சென்டிமீட்டர் தகட்டின் மேல் இந்த 3 பி.எஸ்.ஐ.யே எழுநூறு கிலோவுக்கு மேல் தள்ளும். கம்ப்ரஸரில் இருப்பதோ அதைப் போல முப்பது மடங்குக்கு மேல். கண்ணாடிக் குழாயை ‘ப’ வடிவில் வளைத்துச் சுவரில் கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் அதுவே அழுத்தமானி: இரண்டு பக்க மட்டத்துக்கும் வித்தியாசம் 2.1 மீட்டர் வந்தால் 3 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்தால் தண்ணீர் வெளியே பீய்ச்சும், டேங்க் தப்பிக்கும். வெல்டிங் மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு, அதையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ஓடுகிற படகில் வருசம் ஒரு தடவையாவது தளத்தைத் திறந்து டேங்கைத் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொடியோ, பெயிண்டில் கொப்புளமோ தெரிந்தால் சுரண்டி ஆழம் பாருங்கள். எண்ணெய் வாடை வந்துவிட்டால் எப்பாக்சி மாவு அப்பி ஓட்ட வேண்டாம்; ஒரு குழி தெரிகிற இடத்தில் பக்கத்திலேயே முக்கால் ஆழத்தில் பத்துக் குழி இருக்கும். பெட்ரோல் இருந்த டேங்கைத் ‘தண்ணி ஊத்திக் கழுவியாச்சுங்க’ என்று யார் கொண்டுவந்தாலும், உள்ளே ஆவி இல்லை என்று கருவி வைத்து அளக்காமல் வெல்டிங் வைக்காதீர்கள். பெரும்பாலும் புது டேங்க்தான் சரியான வழி. பழசைப் பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் குப்புறப் போட்டு, குழிகள் எந்த இடத்தில் வரிசை கட்டியிருக்கின்றன என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். படகுக்குள் அதே இடத்தில் இருக்கிற கட்டையையோ பஞ்சையோ எடுத்து எறியாமல் புது டேங்கை இறக்கினால், அதுவும் அங்கேயேதான் பொத்துப்போகும்.